நாய் தொடாத எலும்பு

என் மாமா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினால், எங்கள் லயத்தில் எல்லோரும் முதலில் மூக்கைத்தான் நீட்டுவார்கள். கையை நீட்டுவது அதற்கப்புறம். சட்டிக்குள் இருப்பது என்ன என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள். கேட்டாலும் மாமா நேராகப் பதில் சொல்ல மாட்டார். "மொதல்ல சாப்பிடுங்க, அப்புறமா சொல்றேன்" என்பார். அப்படிச் சொல்லுகிற மனிதர் மேல் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

பிள்ளைகளே, இவரை நீங்கள் சுவரில் மாட்டியிருக்கிற படத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் அம்மாவின் அப்பா. அந்தக் காலத்தில் எனக்கு அவர் அத்தையின் புருஷன், அவ்வளவுதான். தெமோதரைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டின ஒரே லயத்தில், எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவர்களுடையது. இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அவர்கள் வீட்டில் மிளகாய் வறுத்தால் எங்கள் வீட்டில் தும்முவோம்.

மாமாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. கொழுந்து வாடியது போதுமா போதாதா என்று மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். அந்த மூக்கை அவர் ஸ்டோரோடு விட்டுவிட்டு வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. வீட்டுக்கும் கொண்டு வந்தார். ஆம்பிளைகள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் கரண்டி பிடிக்கிற காலத்தில், இவர் வேலை விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். துரை பங்களாவில் சமைக்கிறவரிடம் கேட்டு வந்து ஒரு நாள் சூப்பு வைத்தார். "மரக்கறி கழுவுன தண்ணிய குடிக்கச் சொல்றாரு மச்சான்" என்று அப்பா அதை வாழை மரத்துக்கு ஊற்றினார். இன்னொரு நாள் பச்சைக் கொழுந்தைக் கடலை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டு எடுத்தார். அதைத் தின்ற மூன்று வீட்டில் வயிறு கலங்கியது. அம்மாவுக்கு வயிற்றை விடத் துரையைப் பற்றித்தான் பயம். கொழுந்தைப் பறித்துத் தின்றார்கள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு வாரம் புலம்பினாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ரயிலேறி பதுளைக்குப் போவார். சினிமாவுக்கு இல்லை, சாமான் வாங்கவும் இல்லை. கடையில் சாப்பிட. சில தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "ஒரு நாக்க வச்சு ருசி பாத்தா பக்கச் சார்பாப் போயிரும் மருமகனே. ரெண்டாவது நாக்கு வேணும்" என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் நாக்குக்கு மரியாதை கொடுத்த முதல் மனிதர் அவர்தான்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. மாமா கோழிக் குழம்பை ஒரு வாய் வைப்பார், கண்ணை மூடுவார், கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். பிறகு விரலை மூக்குக்குக் கிட்டே கொண்டு போவார். இதையே மூன்றாவது முறை பார்த்ததும் முதலாளி எழுந்து வந்தார்.

"தம்பி, சாப்பிட வந்தீங்களா, சோதிக்க வந்தீங்களா?"

"சாப்பிடத்தான் நானா. இதுல தேங்காய வறுத்து அரைச்சிருக்கீங்க. ஆனா தேங்கா மட்டும் இல்ல. இன்னொன்னு இருக்கு."

முதலாளியின் முகம் இறுகிவிட்டது. "முனிசிப்பல் ஆளா? இல்லாட்டி எதுத்த கடைக்காரன் அனுப்பினானா?"

"தோட்டத்து ஆளுங்க. ஸ்டோர்ல வேலை."

"தோட்டத்துல இருந்து ரயிலேறி வந்து எங்கட கோழி ஆணத்த மோந்து பாக்குறீங்களா?" முதலாளி நம்பவில்லை. உள்ளே இருந்து எட்டிப் பார்த்த சமையற்காரர்தான் சிரித்துவிட்டார். "அரிசி தம்பி. ஒரு பிடி அரிசியையும் தேங்காயோட சேத்து கருக வறுத்து அரைக்கிறது" என்று சொன்னார். மாமா ரயிலில் திரும்பி வருகிற வழியெல்லாம் "அரிசி, அரிசி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த அரிசிக்கே பஞ்சம் வந்தது. எழுபதுகளின் ஆரம்பம் அது. மரவள்ளிக் கிழங்கு, கோதுமை மாவு ரொட்டி, அதுவும் இல்லாத நாளில் கீரை. அந்த வருஷம் தோட்டத்துத் திருவிழா நெருங்கியபோது, கோயிலையும் லயத்துப் பஞ்சாயத்தையும் பார்க்கிற தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. கோயில் அண்டாவில் வழக்கமாகச் சமைக்கிறவருக்குச் சோறு வடிக்க மட்டும்தான் தெரியும். வடிக்கத்தான் அரிசி இல்லை. இருக்கிற கொஞ்ச அரிசியோடு மரவள்ளிக் கிழங்கைச் சேர்த்து, சனங்கள் வாயில் வைக்கிற மாதிரி ஒரு சாப்பாடு செய்ய யாரால் முடியும்? இவ்வளவு காலமும் தாங்கள் பார்த்துச் சிரித்த மனிதரிடமே வந்தார்கள். "இந்த வருஷம் கோயில் அகப்பைய நீ பிடி" என்று தலைவர் சொன்னார்.

மாமா அதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு திருவிழாவிலும் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்து, "உப்பு பாக்கட்டுமா?" என்று கேட்டு விரட்டு வாங்கினவர். அன்றைக்குச் சாயங்காலம் வெறும் அகப்பையைக் கையில் பிடித்து, காற்றில் கிண்டிக் கிண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்.

அதே சமயம் அவர் வீட்டில் ஒரு கவலையும் இருந்தது. அத்தை பிள்ளைத்தாய்ச்சி. முன்னால் உண்டான இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை வாயில் எது வைத்தாலும் வெளியே வந்தது. மரவள்ளியைக் கண்டால் குமட்டல். பலாக்காய் வாடை பட்டாலே எழுந்து ஓடுவாள். தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இப்பிடியே சாப்பிடாம இருந்தா இதுவும் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நாட்டுக் கோழிக் கொழம்பு இருந்தா ஒரு வாய் சாப்பிடுவேன்" என்றாள். மனிதருக்கே தீனி இல்லாத வருஷத்தில் கோழிக்கு யார் தீனி போடுவார்கள்? லயத்தில் கோழி வளர்த்தவர்கள் எல்லோரும் எப்போதோ அடித்துச் சாப்பிட்டிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் சாமி கோழி.

கணக்கப்பிள்ளை வீட்டில் முனியாண்டிக்கு நேர்ந்து விட்ட சிவப்புச் சேவல் அது. திருவிழாவில்தான் அறுப்பார்கள். அதுவரைக்கும் அது யார் வீட்டில் வேண்டுமானாலும் நுழையலாம், எதை வேண்டுமானாலும் கொத்தலாம், ஒருவரும் விரட்டக் கூடாது. பஞ்ச காலத்தில் கொழுத்துத் திரிந்த ஒரே உயிர் அதுதான்.

ஒரு சனிக்கிழமை பொழுது சாயும்போது மாமா பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பக்கமிருந்து ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "என்னா அண்ணே சாக்குல?" என்று கேட்ட கணக்கப்பிள்ளை சம்சாரத்துக்கு, "ஒண்ணுமில்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். ஒன்றுமில்லாத சாக்கு அப்படிப் புடைத்துக்கொண்டிருக்காது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அவர் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக் கீழே, செடிப் பற்றைக்குள்ளே, மூன்று கல்லைக் கூட்டித் தீ மூட்டியிருந்தார். புகையைப் பார்த்துவிட்டு நான் இறங்கிப் போனேன். ரெண்டாவது நாக்கு என்கிற உரிமையில்தான் போனேன். "இங்க வராத, போ, போ" என்று என்னைத் துரத்தினார். அவர் கையெல்லாம் தேங்காய் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அடுப்பு மூட்டிவிட்டு என்னை அவர் துரத்தியது அதுதான் முதல் தடவை.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குச் சட்டியைத் துணியால் மூடி வீட்டுக்குக் கொண்டு வந்தார். வறுத்த தேங்காயும் வறுத்த அரிசியும் கறுவாப் பட்டையும் சேர்ந்த பதுளைக் கடை வாசம் சுவரைத் தாண்டி வந்தது. லயமே வெளியே வந்து நின்றது. அத்தை எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய் சாப்பிட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், எதுவும் வெளியே வரவில்லை. "எங்க கெடச்சிச்சு?" என்று மட்டும் கேட்டாள். "நீ சாப்பிடு" என்றார் மாமா.

எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. சதை நார் நாராகப் பிரிந்தது. எலும்பை உறிஞ்சி உறிஞ்சி வெளுப்பாக்கினேன். பிறகு லயத்து நாயைக் கூப்பிட்டுப் போட்டேன். அந்த வருஷம் அது செருப்பு வாரைக்கூடத் தின்ற நாய். ஓடி வந்து மோந்தது. என்னை ஒரு தடவை பார்த்தது. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாய்க்கு உடம்பு சுகமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமும் சிவப்புச் சேவல் கூட்டுக்கு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே காணோம்.

கணக்கப்பிள்ளை சம்சாரம் லயம் லயமாகப் போய்க் கேட்டாள். கேட்ட இடமெல்லாம் அந்தச் சாக்கைப் பற்றியும் சொன்னாள். மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் ஒன்றும் ஏறவில்லை. நாய் ஏன் திரும்பிப் போனது என்பது எனக்கு இப்போது புரிந்துவிட்டது. நாய்க்குத் தெரியும். சாமி கோழியின் எலும்பை நாய் தொடாது. மனிதன்தான் தின்பான். என் வயிற்றுக்குள்ளே ஏதோ கொத்துகிற மாதிரி இருந்தது. அது கூவிவிடுமோ என்று பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வேலை விட்டு வந்ததும் லயத்து வாசலில் கூடினார்கள். தலைவர் ஒரு பலகையில் உட்கார்ந்தார். அத்தை தன் வாசற்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கல்லின் மேல் சூடத்தை ஏற்றி வைத்தார்கள்.

"முனியாண்டிக்கு நேந்து விட்ட சேவல நான் தொடல்ல" என்று சொல்லி, மாமா எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். சத்தியம் என்றால் எங்களில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

தலைவர் எழுந்திருக்கப் பார்த்தார். கணக்கப்பிள்ளை சம்சாரம் விடவில்லை. "அது சரிங்க தலைவரே. அப்ப சட்டியில வெந்தது என்னான்னு கேளுங்க."

மாமா வாயைத் திறந்தார். பிறகு வாசற்படிப் பக்கம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லிரு மச்சான்" என்றார் அப்பா.

"சாமி கோழி இல்ல. அவ்ளோதான் சொல்லுவேன்."

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "கோழிதான். என் வாய்க்குத் தெரியாதா? பசியில கெடந்தவளுக்கு அந்த மனுசன் எங்கேயோ போயி வாங்கியாந்து போட்டிச்சு. அதுக்கு சூடம் அடிக்க வச்சிட்டீங்க" என்றாள்.

"எங்க வாங்குனாருன்னுதான் நாங்களும் கேக்குறோம்" என்றாள் கணக்கப்பிள்ளை சம்சாரம். "இந்தப் பஞ்சத்துல எந்த நாட்டுல கோழி விக்கிறாங்க? நாங்களும் போயி வாங்குவோம்ல?" சிலர் சிரித்தார்கள். பிறகு அவள் என்னைக் கைகாட்டினாள். "அந்தா, சின்னவனும் தின்னிருக்கான். புள்ளைங்க பொய் சொல்லாது. அவனக் கேளுங்க."

என்னை நடுவில் நிறுத்தினார்கள். தலைவர் நல்ல மனிதர்தான், மெதுவாகத்தான் கேட்டார். "நீ தின்னது என்னா ராசா?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லச் சொல்லுகிற பார்வையாக அது தெரியவில்லை. எனக்கு அடுத்தவர் முகத்தைப் படிக்கத் தெரிகிற வயதும் இல்லை. வயிற்றுக்குள்ளே சேவல் கொத்திக்கொண்டிருந்தது.

"கோழி" என்றேன். "எலும்பும் இருந்திச்சு. நாய்க்குப் போட்டேன். நாய் மோந்து பாத்துட்டு தொடாமப் போயிருச்சு."

 பின்னாலிருந்து ஒரு பெண் "முனியாண்டி" என்று மெதுவாகச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குத் தோன்றினதுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. தலைவர் அணைந்த சூடத்தைப் பார்த்தார். "சத்தியம் பண்ணிட்ட. சத்தியத்த நான் தள்ள மாட்டேன்" என்றார் மாமாவிடம். "ஆனா சந்தேகத்தோட ஒரு கை சாமி அண்டாவுல படக்கூடாது. இந்த வருஷம் அகப்பைய வேற ஆளு பிடிக்கட்டும்."

மாமா சரி என்று தலையை ஆட்டினார். 

திருவிழாவில் வழக்கமான ஆளே சமைத்தார். சோறு வடிக்கிற மாதிரியே மரவள்ளியையும் வேகவிட்டு, எல்லாம் கூழாகி, அண்டாவுக்கு அடியில் பிடித்துக்கொண்டது. மாமா தூரத்தில் நின்று அந்த வாசத்தை மோந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியும் ரொட்டியும் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். அவள் வயிற்றில் இருந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது.

திருவிழா முடிந்து, மேல் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனவர்கள் ஒரு செடிக்கு அடியில் சிவப்பு இறகும் காய்ந்த காலும் கிடக்கக் கண்டார்கள். நரி பிடித்திருக்கிறது. தலைவர் வீடு தேடி வந்து மாமாவிடம் வருத்தம் சொன்னார். சந்தேகம் அதோடு தீர்ந்தது என்று நினைத்தீர்களா? "சாமி கோழி இல்லேன்னா அப்ப அது யார் வீட்டுக் கோழி?" என்று ஆரம்பித்தார்கள். அதற்கு முன் எப்போதோ தொலைந்த கோழிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து மாமாவின் சட்டிக்குள் விழுந்தன. அடுத்த வருஷமும் அகப்பை அவர் கைக்கு வரவில்லை.

எனக்கும் சந்தேகம் போகவில்லை. பல வருஷம் அவர் கையால் எதையும் நான் வாங்கித் தின்னவில்லை. "ரெண்டாவது நாக்கு கோவிச்சிக்கிச்சு" என்று அவர் சொல்லுவார். பதுளைக்குத் தனியாகவே போய் வந்தார்.

எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். மாமா அப்போது உயிரோடு இல்லை. ஒரு நாள் உங்கள் அம்மா எனக்குச் சோறு போட்டாள். பதுளைக் கடை வாசம். கடித்தேன். சதை நார் நாராகப் பிரிந்தது. எலும்பை உறிஞ்சினேன். உறிஞ்சின எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். "எங்கே வாங்கின கோழி?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "கோழியா? பிஞ்சுப் பலாக்காய். எலும்பு மாதிரி இருக்கறது கொய்யாக் குச்சி. தோலச் சீவி, பலாக்காய்க்குள்ள சொருகி வேக வைக்கணும். அப்பா சொல்லிக் குடுத்தது. அம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

கையில் வழிந்த எண்ணெய் பலாப் பிசினுக்கு. பீலிக்குக் கீழே மூட்டின அடுப்பு, அத்தைக்கு வாடை போகாமலிருக்க. கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டதும் அவளுக்காகத்தான். எல்லாம் அந்த ஒரு கவளத்தில் எனக்கு விளங்கியது. நாய்க்கும் அன்றைக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மாமா நிரபராதி என்று அந்தத் தோட்டத்தில் தெரிந்திருந்த ஒரே சாட்சி அதுதான். அதன் சாட்சியத்தை நான்தான் தலைகீழாகச் சொல்லிவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை லயத்து வாசலில் கூட்டம் கலைந்த பிறகு நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை. மாமா சூடம் அடித்த கையைக் கழுவ பீலிக்குப் போனார். என்னைக் கூப்பிட்டார். நான் பத்தடி தள்ளியே நின்றேன். உள்ளங்கை சிவந்து கன்றியிருந்தது.

"மருமகனே, ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. தின்னும்போது கோழின்னுதான் நெனச்சியா?"

"ஆமா."

"ஒரு துளி சந்தேகமும் வரல்லியா?"

"வரல்ல."

"எலும்பு?"

"எலும்பும் கோழி எலும்புதான்."

அவர் தலையை நிமிர்த்தி, கன்றின கையைத் தண்ணீரில் பிடித்தபடியே சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அதற்கு முன் அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக முகம் சுருங்கியது. "நாய்தான் தொடல்லியாக்கும்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். "குச்சியையும் இன்னும் கொஞ்ச நேரம்…" என்று என்னவோ முணுமுணுத்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்.

எந்தக் குச்சி என்று நான் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். சாமி கோழியைத் தின்றுவிட்டு, கோயில் அகப்பையையும் பறிகொடுத்துவிட்டு, இவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிற மனிதரை நம்பவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.